வெளிச்சம் நுழையாத பாத்திரம்

விருத்தாசலத்தில் பீங்கான் சுடுகிறவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாத பாடம் ஒன்று உண்டு. அறைச் சூளையில் உருப்படிகளை அடுக்கிச் சுட்டால், தீ முகத்தில் இருப்பது ஒரு மாதிரியும் நடு அடுக்கில் இருப்பது வேறு மாதிரியும் வேகும். சூளையை இன்னும் பெரிதாகக் கட்டினால் இந்த வேறுபாடும் கூடவே வளரும். நிறைய உற்பத்தி செய்ய வந்தவர்கள் இதற்குக் கண்ட வழி, சூளையை அகலப்படுத்தாமல் நீட்டியது. தொழிலில் ‘டனல் கில்ன்’ என்று சொல்லப்படும் சுரங்கச் சூளையில் தீ ஓரிடத்தில் நிற்கிறது. உருப்படிகளை ஏற்றிய வண்டிகள் தண்டவாளத்தின் மேல் மெல்ல ஊர்ந்து அதைக் கடக்கின்றன. முதலில் இளஞ்சூடு, நடுவில் முழுச்சூடு, கடைசியில் ஆறுதல். காலையில் நுழைந்த வண்டிக்கும் மாலையில் நுழைந்த வண்டிக்கும் ஒரே பயணம், ஒரே நேரம், ஒரே வேக்காடு. ஒரு வண்டிக்குப் பிடிபட்ட பக்குவம் நூறாவது வண்டிக்கும் பொருந்தும். பொம்மைக்கும் மின் ஃபியூஸ் பீங்கானுக்கும் பேர்போன நல்லூர், விருத்தாசலம் வட்டாரத்துக்கு இது பழகிய சங்கதி. மருந்து வேதியியலில் இன்று பெரிதாகப் பேசப்படுவது, மெல்லிய குழாயில் ஓடும் திரவத்தில் வெளிச்சத்தால் வினை நடத்தும் தானியங்கி ஓட்ட ரியாக்டர். அதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை.

வெளிச்சத்தைக் கொண்டு பொருள் செய்வது நமக்கு அந்நியமான வித்தை அல்ல. வெயிலில் நிற்கும் மனிதத் தோலில் வைட்டமின் டி உண்டாவது ஓர் ஒளி வேதிவினைதான். தோலில் உள்ள கொழுப்பு வகைச் சேர்மம் ஒன்று புற ஊதாக் கதிரை விழுங்கித் தன் வளையத்தைத் திறந்துகொள்கிறது; அங்கிருந்துதான் வைட்டமின் பிறக்கிறது. ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து தொடங்கி இதே வினையை விளக்கொளியில் நடத்தித்தான் தொழிற்சாலைகள் வைட்டமின் டி3 தயாரிக்கின்றன. இந்தியாவில் ஃபெர்மென்டா பயோடெக் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. ஜப்பானின் டோரே நிறுவனம் நைலானுக்கான மூலப்பொருளை 1960கள் முதல் வெளிச்சத்தின் துணையோடு ஆலை அளவில் செய்துவந்திருக்கிறது. இதற்கெல்லாம் முன்பே, 1912இல், இத்தாலியின் பொலோனியா நகர வேதியியலாளர் ஜாகோமோ சாமிசியன் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், நிலக்கரிப் புகையை விட்டுவிட்டுச் சூரிய ஒளியால் ரசாயனம் செய்யும் காலம் வரும் என்றார். வறண்ட சமவெளிகளில் புகையில்லாத ஆலைகளையும் கண்ணாடிக் குழாய்களின் காட்டையும் அவர் கற்பனை செய்தார். அந்தக் குழாய் என்ற யோசனைதான் நூறாண்டு கழித்து முக்கியமாகிறது.

இவ்வளவு பழைய அறிவு ஆலைகளில் பரவலாகாமல் போனதற்குக் காரணம் வெளிச்சத்தின் இயல்பு. சூட்டுக்கு ஒரு வசதி உண்டு: அண்டாவின் அடியில் நெருப்பு வைத்துக் கிளறினால் அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். வெளிச்சம் அப்படிப் பரவாது. கரைசலில் வெளிச்சத்தை விழுங்கும் பொருள் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் வினையே நடக்காது. அந்தப் பொருளே பின்னால் இருப்பதற்கு வெளிச்சம் போகாமல் மறித்துக்கொள்கிறது. பாடப்புத்தகங்களில் பியர்–லாம்பர்ட் விதி என்று வருவது இதைத்தான் கணக்காகச் சொல்கிறது. முதல் மில்லிமீட்டர் 90 சதவீத ஒளியை எடுத்துக்கொள்ளும் கரைசலில், இரண்டாவது மில்லிமீட்டரைத் தாண்டி 1 சதவீதமும் மூன்றாவதைத் தாண்டி 0.1 சதவீதமும்தான் மிஞ்சும். ஒரு மீட்டர் அகலமுள்ள ஆலைக் கலனில் அதை ஊற்றினால், சுவரோரத்தில் ஒரு மெல்லிய படலம் மட்டும் பட்டப்பகலில் இருக்க, மற்றதெல்லாம் நள்ளிரவில் கிடக்கும். கிளறிக் கிளறி ஒவ்வொரு துளியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவர மணிக்கணக்காகும். அதற்குள் முதலில் விளைந்த பொருள் மறுபடி மறுபடி வெளிச்சத்தில் பட்டு வேறொன்றாகச் சிதையும். சோதனைக்கூடக் குடுவையில் அழகாக நடந்த வினை ஆலையில் ஏறியதும் கைவிட்டுப்போவது இதனால்தான்.

மெல்லிய குழாய் இந்த முடிச்சை எளிதாக அவிழ்க்கிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளைக் கலனில் ஒரு கன மீட்டர் திரவத்துக்குச் சுற்றுச்சுவர் 4 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அதே அளவு திரவத்துக்கு 4000 சதுர மீட்டர். வெளிச்சம் நுழைய ஆயிரம் மடங்கு வாசல், சூடு வெளியேறவும் ஆயிரம் மடங்கு வாசல். இத்தகைய குழாய் 10 மீட்டர் நீளம் இருந்தாலும் அதற்குள் இருக்கும் திரவம் 8 மில்லிலிட்டர் கூட வராது. நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் செலுத்தினால் ஒவ்வொரு துளியும் ஏறக்குறைய எட்டு நிமிடம் வெளிச்சத்தில் இருந்துவிட்டு வெளியே வந்துவிடும். இராப்பகல் ஓடவிட்டால் நாளுக்கு 1.4 லிட்டர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கெவின் புக்கர்-மில்பர்ன் குழுவினர் 2005இல் செய்து காட்டியது ஏறத்தாழ இதைத்தான். டெஃப்லான் குடும்பத்தைச் சேர்ந்த, ஒளி புகும் பிளாஸ்டிக் குழாயைத் தண்ணீரால் குளிரூட்டிய விளக்கைச் சுற்றி அவர்கள் சுருளாகச் சுற்றினார்கள். ஒரு நாள் இடைவிடாமல் ஓட்டியதில் 500 கிராமுக்கு மேல் பொருள் கிடைத்தது. மேசை மேல் வைக்கக்கூடிய ஒரு கருவிக்கு அது பெரிய விளைச்சல்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. அதை எழுப்பியவர்களும் அதே பிரிஸ்டல் குழுவினர்தான். குழாய் குடுவையைவிட மேல் என்று எல்லோரும் சொல்லத் தொடங்கியபோது, பல வகை ஒளி வினைகளை இரண்டிலும் பக்குவமாக நடத்தி ஒப்பிட்டு 2014இல் முடிவை வெளியிட்டார்கள். விளைச்சல் சதவீதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. உற்பத்தி வேகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை: ஓரடுக்காகச் சுற்றிய குழாய் குடுவையைவிடச் சராசரியாக 20 சதவீதம் குறைவு, மூன்றடுக்குக் குழாய் 20 சதவீதம் கூடுதல். குழாயைக் கொண்டாடும் கட்டுரைகள் பலவும் இந்த ஆய்வை ஓரமாகக் கடந்துபோகின்றன. அதை நேராகப் பார்த்தால்தான் குழாயின் உண்மையான பலம் தெரியும். சிறிய அளவில் குடுவை போதும். அங்கே திரவத்தின் ஆழம் குறைவு, விளக்கு பக்கத்திலேயே இருக்கிறது. அளவு கூடும்போது குடுவையின் கணக்கு தலைகீழாகிறது, குழாயின் கணக்கு மாறுவதில்லை. நேற்று ஒரு மணி நேரம் ஓடிய அதே குழாய் இன்று நூறு மணி நேரம் ஓடலாம், பக்கத்தில் அதே மாதிரி பத்துக் குழாய் வைக்கலாம். எல்லாத் துளிகளுக்கும் பயணம் ஒன்றே. சிறிய அளவில் கற்றது பெரிய அளவில் பொய்யாகாமல் இருப்பதுதான் குழாய் தரும் வரம். தானியங்கிக் கருவிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் இந்தத் துறையில் பொருள் கிடைப்பதும் இதனால்தான்.

ஒரு வினையின் பக்குவம் என்பது பல குமிழ்களைத் திருகிப் பிடிக்கும் சுருதி. ஒளியின் வலு, குழாயில் தங்கும் நேரம், கரைசலின் செறிவு, வினையூக்கியின் அளவு, துணைப்பொருளின் அளவு என்று ஐந்தை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை வைத்தாலே 3125 சேர்க்கைகள் வந்துவிடும். எந்த ஆராய்ச்சி மாணவரும் அத்தனையும் செய்து பார்க்க மாட்டார். வழக்கமாக ஒன்றை மாற்றி மற்றவற்றை நிறுத்தி வைத்துப் பார்ப்பார்கள். குமிழ்கள் ஒன்றையொன்று பாதிக்கும்போது அந்த வழி ஏமாற்றிவிடும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் டிமோத்தி நோயல் குழுவினர் உருவாக்கி, 2024 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ரோபோகெம் வேறு வழியில் போகிறது. இயந்திர ஊசி மூலப்பொருள்களைச் சிறிதளவு உறிஞ்சிக் கலந்து குழாய்க்குள் அனுப்புகிறது. வலுவான எல்இடி விளக்குகளுக்கு நடுவே வினை நடக்கிறது. வெளியே வருவதைக் காந்த ஒத்திசைவு அளவி உடனே சோதித்துக் கணினிக்குச் சொல்கிறது. அடுத்த சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. போர்வெல் போடுபவருக்கு ஒவ்வொரு துளையும், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத நிலத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது. அடுத்த துளையை எங்கே போடலாம் என்ற கணிப்பு கூர்மையாகிறது. தாமஸ் பேயஸ் என்ற 18ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞரின் பெயரால் வழங்கும் முறையில் கணினி செய்வதும் இந்த ஊகம்தான். ஏற்கெனவே வெளியான முறைகளோடு ஒப்பிட்டபோது, சுமார் 80 சதவீதச் சேர்மங்களில் ரோபோகெம் கண்ட பக்குவம் கூடுதல் விளைச்சல் தந்தது. மற்றவற்றில் ஏறத்தாழ சமம். ஒரு வாரத்தில் பத்து இருபது சேர்மங்களுக்குப் பக்குவம் காண முடியும் என்றும் குழுவினர் சொல்கிறார்கள்.

இதை வேதியியலாளரை வென்ற ரோபோவாகப் பார்ப்பது எளிது. அந்தப் பார்வையில் முக்கியமானது தவறிப்போகிறது. அதே கணினி நிரலை ஒரு பெரிய அண்டாவின் தலைமாட்டில் உட்காரவைத்தால் என்ன கற்றுக்கொள்ளும்? சுவரோரத்துப் பகலையும் நடுவிலுள்ள இரவையும் சேர்த்த ஒரு சராசரியை. அண்டா மாறினால் அந்தப் பாடம் செல்லாக்காசு. குழாயில் கற்ற பாடம் அளவு கூடினாலும் நிற்கும். ஆகவே புத்திசாலித்தனத்தின் முதல் பங்கு பாத்திரத்தின் வடிவத்தில் இருக்கிறது, இரண்டாம் பங்கு அளவியில், மூன்றாவதுதான் கணினியில். இந்த வரிசையை மாற்றிப் பணம் செலவழிப்பவர்கள் விலையுயர்ந்த பொம்மை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

விருத்தாசலம் அடங்கிய கடலூர் மாவட்டத்துக்கு இந்த வரிசை வெறும் தத்துவம் அல்ல. கிழக்கே உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகள். அவற்றோடு பல்லாண்டாக வாழும் கிராமங்களின் அச்சமும் புகாரும். 2021 மே மாதம் அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். ஆனால் ஒரே கலனில் எவ்வளவு சரக்கு நிற்கிறது என்பது எல்லா விபத்துகளின் கொடுமையையும் தீர்மானிக்கிறது. 1984இல் போபாலில் கசிந்த தொட்டியில் 40 டன்னளவு மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. கலனில் இல்லாத விஷம் கசிய முடியாது. குழாயில் எந்த நொடியிலும் வினையில் இருப்பது சில மில்லிலிட்டர்தான். பம்பை நிறுத்தி விளக்கை அணைத்தால் ஒளி வினை நின்றுவிடும், நெருப்பைப் போல் தானாகத் தொடர்ந்து எரியாது. பிரிஸ்டல் குழுவினரின் அந்த ஒப்பீட்டு ஆய்விலேயே, வெடிக்கும் அபாயமுள்ள புரொப்பெல்லேன் என்ற சேர்மத்தைப் பெரிய அளவில் கையாள அவர்கள் தேர்ந்தெடுத்தது குழாயைத்தான். அதே நேரத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது: குழாய் வந்துவிட்டால் கழிவுநீர் தானாகச் சுத்தமாகிவிடாது. கரைப்பான் கரைப்பானாகவே இருக்கும். பக்குவம் சரியாக அமைந்தால் உபரிப் பொருள்கள் குறையும், கழிவின் சுமை இறங்கும். மிச்சத்தைச் சுத்திகரிப்பு நிலையமும் கண்காணிப்பும்தான் பார்த்தாக வேண்டும்.

அடுத்த மறுப்பு மின்சாரம். ஆயிரக்கணக்கில் விளக்கு எரித்தால் கட்டுப்படியாகுமா? கணக்கிட்டுப் பார்க்கலாம். 450 நானோமீட்டர் நீல ஒளியில் ஒரு மோல் ஃபோட்டானுக்கு 266 கிலோஜூல் ஆற்றல். மூலக்கூறு எடை 300 உள்ள ஒரு மருந்துப் பொருள் ஒரு கிலோ செய்ய, பத்து ஃபோட்டானில் ஒன்றுதான் வேலை செய்கிறது, விளக்கின் திறன் பாதிதான் என்று கடுமையாக வைத்துக்கொண்டாலும், சுமார் 5 யூனிட் மின்சாரம் போதும். வழியில் வீணாவதைச் சேர்த்து அதைப் பல மடங்காக்கினாலும் ஒரு கிலோ மருந்தின் விலைக்கு முன் அது சில்லறை. பழைய பாதரச விளக்குகள் பெரும்பகுதி மின்சாரத்தைச் சூடாகவே கொட்டின. நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் நோபல் பெற்றார்கள். வீட்டு மின்கட்டணத்தைக் குறைத்த அந்த விளக்குதான் சோதனைக்கூட ஒளி வினைகளுக்கும் வழிதிறந்தது. வெயில் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் விளக்கு எதற்கு என்று கேட்கலாம். மேகம் வந்ததும் மாறும் வெளிச்சத்தில் பக்குவம் நிலைக்காது. மருந்து செய்ய ஒவ்வொரு மணி நேரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வெயில் கூரை மேல் சூரியத் தகட்டில் விழுந்து விளக்கை எரியவைக்கட்டும்.

மில்லிலிட்டர் கணக்கில் ஓடும் குழாய் டன் கணக்கில் கேட்கும் சந்தைக்கு ஈடுகொடுக்குமா என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்காவின் ஆப்வீ நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் 100 மில்லிலிட்டருக்கும் குறைவான, இடைவிடாமல் ஊட்டப்படும் சிறு கலனில் லேசர் ஒளியைச் செலுத்தி 32 மணி நேரத்தில் 1.85 கிலோ பொருள் எடுத்தார்கள். வீரியமுள்ள புதிய மருந்துகள் பலவற்றுக்குக் கிலோ கணக்கே பெரிய தேவை. ஆனால் மலிவான சரக்குக்கு இந்தத் தொழில்நுட்பம் மட்டும் காப்பு அல்ல என்பதற்கு மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினின் சாட்சி. 2012இல் ஜெர்மனியில் பீட்டர் சீபெர்கர் குழுவினர் அதன் கடைசிப் படியைக் குழாயில் ஒளியும் ஆக்சிஜனும் செலுத்தி நடத்தினார்கள். பிரான்சின் சனோஃபி நிறுவனம் 2013 முதல் இத்தாலியின் கரேசியோவில், ஈஸ்ட் தரும் மூலப்பொருளிலிருந்து ஒளி வினை வழியாக அதை ஆலை அளவில் செய்தது. வேதியியல் வென்றது, சந்தையில் தோற்றது. செடியிலிருந்து எடுத்த மருந்து கிலோ 250 டாலருக்கும் கீழே விழ, லாபமில்லாமல் விற்கவே சனோஃபிக்கு 350 முதல் 400 டாலர் தேவைப்பட்டது. 2016இல் அந்த ஆலை கைமாறியது. எந்தப் பொருளைச் செய்வது என்ற வணிக முடிவை எந்தக் கணினியும் இன்னும் எடுத்துத் தருவதில்லை. திடப்பொருள் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும் வினைகளுக்கும் அண்டாவே இன்றும் மேல். சுரங்கச் சூளை வந்த பிறகும் சின்னச் சின்ன வேலைக்கு அறைச் சூளை நிலைத்திருப்பது போல.

இந்தியாவில் அடித்தளம் இல்லாமல் இல்லை. புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ஓட்ட ரியாக்டர்களை வடிவமைத்துவரும் அமோல் குல்கர்னிக்கு 2020இல் பட்நாகர் விருது கிடைத்தது. ஐதராபாத்தில் இதற்கென்றே ஒரு தொழில்நுட்ப மையத்தை அரசும் மருந்து நிறுவனங்களும் சேர்ந்து அமைத்தன. மருந்து மூலப்பொருளுக்கு வெளிநாட்டை நம்பியிருப்பதைக் குறைக்க மத்திய அரசு 2020இல் 6,940 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தது. ஒளி வேதியியலின் உலகப் பாடநூல் ஒன்றை நிக்கோலஸ் டூரோவோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய வி. ராமமூர்த்தி. இடைவிடா உற்பத்தியை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் ஏற்குமா என்ற தயக்கமும் தீர்ந்துவிட்டது. அமெரிக்க அமைப்பு 2015இலேயே அப்படித் தயாரித்த மருந்துக்கு ஒப்புதல் தந்தது. 2022இல் அதற்கான சர்வதேச வழிகாட்டு நெறியும் முடிவானது.

வேலை போய்விடுமா என்ற கேள்விக்கும் இந்த வட்டாரமே பாதி விடை வைத்திருக்கிறது. குழாய் ஆலைக்கு அண்டா கிளறும் கை குறைவாகத்தான் வேண்டும். அதை மழுப்ப முடியாது. பம்பு, அளவி, விளக்கு, அடைப்பு, கசிவு ஆகியவற்றை அறிந்த கை கூடுதலாக வேண்டும். தீவிரமான ரசாயனங்களையும் சூட்டையும் தாங்கும் ஓட்ட ரியாக்டர்கள் சிலிக்கான் கார்பைடு என்ற உயர்வகைப் பீங்கானில் செய்யப்படுகின்றன. அதன் ஊடாக ஒளி புகாது. ஆனால் சூட்டை அது விரைவாகக் கடத்துவதால் ஒளி வினைக்குக் கண்ணாடி முகமும் பீங்கான் முதுகும் பொருத்தமான ஜோடி. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் விருத்தாசலத்தில் இருக்கிறது. வேதிப் பொறியியல் துறையுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதே மாவட்டத்தில், சிதம்பரத்தில் இருக்கிறது. பொம்மைக் களிமண்ணிலிருந்து சிலிக்கான் கார்பைடு வரை தாண்ட வேண்டிய தூரம் அதிகம்: வேறு தூய்மை, வேறு சூடு, வேறு முதலீடு. என்றாலும் ஒரு சுருள் குழாய், ஒரு பம்பு, ஒரு வரிசை நீல எல்இடி ஆகியவற்றோடு தொடங்க ஒரு கல்லூரிச் சோதனைக்கூடத்துக்குக் கோடிகள் தேவையில்லை. அளவி அடுத்த கட்டத்தில் வரட்டும். குழாயும் அளவியும் நம்பத்தக்க எண்களைத் தரத் தொடங்கிய பிறகு கணினிக்கு வேலை கொடுக்கலாம். சூளையிலும் வரிசை இப்படித்தான் இருந்தது: முதலில் வண்டி ஓடும் பாதை, பிறகு சூட்டை அளக்கும் கருவி, அதற்கும் பிறகுதான் தானியங்கி பர்னர்.